லயத்துக்கும் பங்களாவுக்கும் எவ்வளவு தூரம்?

“சீனனுக்கு வியாபாரம் ரத்தத்துலயே இருக்குப்பா. நமக்கு அது வராது.”

இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்த இந்து இளைஞர் நம் நாட்டில் இருக்க மாட்டார். கல்யாணப் பந்தியில் கேட்டிருப்போம். மாமாக்கள் தேத்தண்ணி குடிக்கும் கடையில் கேட்டிருப்போம். கோயில் ஆண்டுக் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதுகூடக் கேட்டிருப்போம். சொல்பவர் கோபமாகச் சொல்வதில்லை. ஒரு பெருமூச்சோடு, பாதி வேடிக்கையாகத்தான் சொல்வார். கேட்பவர்களும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். யாரும் மறுப்பதில்லை என்பதால்தான் அது அடுத்த தலைமுறைக்கும் அப்படியே வந்து சேருகிறது.

இதற்குச் சமயச் சாயம் பூசுகிறவர்களும் உண்டு. “எல்லாம் போன பிறவி வினை, தலையெழுத்து” என்பார்கள். ரத்தம் என்று சொன்னாலும் தலையெழுத்து என்று சொன்னாலும் பலன் ஒன்றுதான்: யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வள்ளுவர் ‘ஊழ்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார், உண்மைதான். அதே நூலில் ‘ஆள்வினை உடைமை’ என்று இன்னோர் அதிகாரமும் வைத்திருக்கிறார். நம்மவர்கள் பலர் முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

மாமாக்கள் பேசுவதோடு விஷயம் நின்றிருந்தால் இந்தக் கட்டுரை தேவைப்பட்டிருக்காது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் தம்பி தங்கைகள் சிலர் இப்போது இதே கேள்வியை வேறு உடையில் கொண்டு வருகிறார்கள். “அண்ணே, பொருளாதார ஆராய்ச்சியிலேயே மரபணுவுக்கும் வருமானத்துக்கும் தொடர்பு இருக்குன்னு போட்டிருக்காங்களே?” என்கிறார்கள். போட்டிருப்பது உண்மைதான். என்ன போட்டிருக்கிறது என்பதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

2009-இல் என்ரிக்கோ ஸ்பொலாவோரே, ரொமேன் வாட்சியார்க் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மக்கள் கூட்டங்களுக்கு இடையே உள்ள மரபணுத் தூரத்தைப் பற்றி கவாலி-ஸ்ஃபோர்சா என்ற இத்தாலிய அறிஞரும் அவருடைய சகாக்களும் 1994-இல் ஒரு பெரிய நூலில் தொகுத்திருந்தார்கள். அந்தக் கணக்கை எடுத்து, நாடுகளின் வருமான வேறுபாட்டோடு இவர்கள் பொருத்திப் பார்த்தார்கள். தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டு மக்களிடமிருந்து ஒரு மக்கள் கூட்டம் எவ்வளவு தூரமோ, பொதுவாக அவ்வளவு வருமான இடைவெளியும் இருப்பது தெரிந்தது.

இங்கேதான் பலர் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த மரபணுக்கள் எவை? புத்திக்கோ உழைப்புக்கோ வியாபாரத் திறமைக்கோ காரணமான மரபணுக்கள் அல்ல. எந்தத் திறமையோடும் சம்பந்தப்படாத, தலைமுறைக்குத் தலைமுறை தானாகச் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போகிறவற்றைத்தான் அளந்தார்கள். அது ஒரு கடிகாரம் மாதிரி. இரண்டு கூட்டங்கள் ஒரே முன்னோரிடமிருந்து பிரிந்து எவ்வளவு காலமாகிறது என்பதை மட்டும் அது காட்டும். தமிழும் மலையாளமும் பிரிந்து அதிகக் காலம் ஆகவில்லை, அதனால் மலையாளி பேசினால் பாதி புரிகிறது. தெலுங்கு இன்னும் முன்பே பிரிந்துவிட்டது, அதனால் அவ்வளவு புரிவதில்லை. இதை வைத்துத் தெலுங்கர் அறிவில் குறைந்தவர் என்று யாராவது சொல்வார்களா?

அவர்கள் சொன்ன விளக்கமும் அதுதான். நீண்ட காலம் பிரிந்திருந்தவர்களுக்கு மொழி வேறாகிறது, பழக்கவழக்கம் வேறாகிறது, யாரை நம்புவது என்பதும் வேறாகிறது. ஒரு புதிய தொழில் ஓர் இடத்தில் தோன்றும்போது பக்கத்து உறவுக்காரன் அதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறான். தூரத்து ஆள் கற்றுக்கொள்ள நாளாகிறது. தூரம் ஒரு தடைதான், தகுதிக் குறைவு அல்ல. இதற்கு அவர்களுடைய கணக்கிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. தொழிற்புரட்சி பரவிய 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தூரத்தின் பாதிப்பு வேகமாக ஏறியது, அதற்குப் பிறகு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ரத்தம்தான் காரணம் என்றால் ஐம்பது, நூறு வருடத்தில் அது எப்படி ஏறும், எப்படி இறங்கும்? மனிதனின் ரத்தம் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. தடை மாறும், ரோடு போட்டால் மாறும், பள்ளிக்கூடம் கட்டினால் மாறும்.

இது உலகக் கணக்கு, நாடுகளுக்கு இடையே உள்ள விஷயம். நான் சொல்ல விரும்புவது நம் வீட்டுக் கதை. கேமரன் மலைக்குப் போவோம்.

நம்மில் பலருக்குக் கேமரன் மலை என்றால் ஸ்ட்ராபெரி, மார்க்கெட், தேயிலைச் சரிவில் நின்று எடுத்த படம். பள்ளி விடுமுறையில் பஸ் பஸ்ஸாகப் போகிறோம். படத்தில் பச்சைச் சரிவு இருக்கும். மூலையில், முதுகில் கூடையோடு குனிந்திருக்கும் உருவத்தைப் படம் எடுத்தவரே பிறகு வெட்டிவிடுவார்.

தேயிலைதான் உலகத்தில் தொழில்நுட்பம் எப்படி ஊர்விட்டு ஊர் போகிறது என்பதற்கு நல்ல பாடம். அதன் ரகசியம் பல நூற்றாண்டுகள் சீனாவிடம் இருந்தது. 1848-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரரைச் சீனாவுக்கு அனுப்பியது. அவர் சீன உடை போட்டுக்கொண்டு உள்நாட்டுக்குள் போய் செடியையும் விதையையும் மட்டுமல்ல, தேயிலை பதப்படுத்தத் தெரிந்த சீனத் தொழிலாளிகளையும் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார். செடி மட்டும் வந்தால் போதாது, கை வர வேண்டும் என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முன்பே அஸ்ஸாம் காட்டில் சிங்போ மக்கள் தேயிலையைப் பயன்படுத்தி வந்ததை ஆங்கிலேயர் பார்த்திருந்தார்கள். செடியைக் காட்டிக்கொடுத்த சிங்போ மக்களுக்குத் தோட்டம் கிடைக்கவில்லை என்பது தனிக்கதை. பிறகு இலங்கை. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் தேயிலை போட்டார். 1869-லிருந்து காப்பிச் செடியை இலைநோய் தின்னத் தொடங்கியதும் மலைநாடே தேயிலைக்கு மாறியது. அந்த மலையை வெட்டிச் செடி நட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் மக்கள்.

அங்கிருந்து இங்கே. வில்லியம் கேமரன் இந்த மலையை அளந்தது 1885-இல். ஆனால் தாப்பாவிலிருந்து ரோடு ஏறும் வரை மலை மலையாகவே கிடந்தது. 1929-இல் ஜே. ஏ. ரசல் என்பவர், இலங்கையில் தேயிலை பார்த்துப் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து ஹாபுவில் போ தோட்டத்தைத் தொடங்கினார். உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்த வருடம் அது. மலாயாவில் ரப்பர் விலை சரிந்து, தமிழ்த் தொழிலாளர்கள் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலம் அதற்கு அடுத்து வந்தது. அந்த நேரத்தில்தான் இந்த மலையில் தேயிலை வேர் பிடித்தது. 

கவனியுங்கள். சீனாவிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து அஸ்ஸாம், அங்கிருந்து கண்டி, கண்டியிலிருந்து ஹாபு. சீனருக்கும் ஆங்கிலேயருக்கும் முன்னோர் வழியில் தூரம் கொஞ்சமா? மொழியில், தெய்வத்தில், சாப்பாட்டில்? இருந்தும் தேயிலை போய்ச் சேர்ந்தது. பணமும் கப்பலும் அதிகாரமும் இருந்தால் எந்தத் தூரத்தையும் தாண்டலாம்.

ஆனால் அதே தேயிலை, அதே தோட்டத்துக்குள், லயத்திலிருந்து மேட்டிலிருக்கும் துரை பங்களாவுக்கு ஏறவில்லை. நடந்தால் பத்து நிமிட தூரம்.

நம் பாட்டிமார்களுக்குத் தேயிலை தெரியாதா? எந்தக் கொழுந்து முற்றிவிட்டது, எது நாளை வரை நிற்கும், மழைக்குப் பிறகு எந்தச் சரிவில் முதலில் கிள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் விரல் நுனியில் இருந்தது. இரண்டு இலை ஒரு மொட்டு என்று இன்றைக்கு விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்த இலக்கணம் அவர்கள் கையில் இருந்தது. ஆலையில் வாட்டுவது, உருட்டுவது, புளிக்க வைப்பது, உலர்த்துவது எல்லாவற்றையும் நம் தாத்தாக்கள் செய்தார்கள். வாசனையை வைத்தே எப்போது அடுப்பில் ஏற்றுவது என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் வைக்கப்பட்டது வேறு. வங்கியில் எப்படிக் கடன் வாங்குவது, நிலத்தை எப்படிக் குத்தகைக்குக் கேட்பது, லண்டனில் என்ன விலை போகிறது, கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்ன எழுதுவது. தேயிலையில் பணம் இருக்கும் இடம் அதுதான்.

சரி, இது வெள்ளைக்காரனுக்கும் தமிழனுக்கும் உள்ள முன்னோர்த் தூரத்தால் வந்தது என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. ஏனென்றால் இடையில் ஒருவர் நிற்கிறார். கிராணி.

மலாயா தோட்டங்களில் கிராணி வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத் தமிழர்களும் மலையாளிகளும். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், அரசாங்க ஆபீசில் குமாஸ்தா, நில அளவை, ஆஸ்பத்திரி என்று பார்த்தாலும் யாழ்ப்பாணத்தவர் நிறைய இருந்தார்கள். லயத்தில் இருந்தவருக்கும் இவருக்கும் என்ன தூரம்? பேசுவது தமிழ். கும்பிடுவது முருகனை. நெற்றியில் அதே திருநீறு. முன்னோர் வழியை அளந்தால், லண்டனோடு ஒப்பிடும்போது அது ஒரு தூரமே இல்லை. ஆனால் ஒருவர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பேர் கொடுக்கிறார், இன்னொருவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து பேர் எழுதுகிறார். சம்பளம் வேறு, வீடு வேறு, பிள்ளைகள் போகும் பள்ளி வேறு, ஒரு தலைமுறைக்குப் பிறகு வாழ்க்கையே வேறு.

ரத்தத்தில் வித்தியாசம் இல்லை என்றால் வித்தியாசம் எங்கே? பள்ளிக்கூடத்தில். 1823-இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு கல்விக்கூடம் தொடங்கினார்கள். ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் தமிழும் அங்கே சொல்லிக்கொடுக்கப்பட்டன. அடுத்தடுத்து யாழ்ப்பாணம் முழுக்கப் பள்ளிகள் முளைத்தன. மலாயாவில் ரயில் ஓடத் தொடங்கியபோது ஆங்கிலம் படித்த பிள்ளைகள் அங்கே தயாராக இருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணி கூட்டிவந்த குடியானவருக்கும் கூலிக்காரருக்கும் அப்படி ஒரு பள்ளி கிடைத்ததில்லை. வந்த இடத்திலும் கிடைக்கவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. நடத்தினார்கள், எப்படி? ஒரே அறை, ஒரே வாத்தியார், பல வகுப்பு. சில இடங்களில் கங்காணியே வாத்தியார். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், தோட்டத்தை விட்டு ஓடிப்போகும் அளவுக்குத் தெரிய வேண்டாம் என்பதுதான் நோக்கம். அதை யாரும் சட்டத்தில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

யாழ்ப்பாணத்து உதாரணம் சொன்னால் இளைஞர்கள் சிலர் உடனே கேட்பார்கள்: “அப்படின்னா மிஷனரி பள்ளிக்குப் போய் மதம் மாறினாத்தான் முன்னேறலாமா?” நல்ல கேள்வி. இதற்குப் பதில் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822-இல் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்ட் பள்ளியில் படித்தார், அங்கேயே வேலை பார்த்தார், பீட்டர் பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்க உதவினார். அந்தப் பள்ளி எப்படி நடக்கிறது, வகுப்பு எப்படிப் பிரிக்கப்படுகிறது, பாடப்புத்தகம் எப்படி எழுதப்படுகிறது, அச்சு இயந்திரம் என்ன செய்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த வருடமே சென்னை போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்தார். சைவப் பிள்ளைகளுக்குப் பாலபாடம் அச்சானது. தூரத்தில் இருப்பவனிடமிருந்து கற்றுக்கொள்வது வேறு, அவனாகவே மாறிவிடுவது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்டினார்கள்? நாவலரைப் புகழும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதி விஷயத்தில் அவர் பழைய வழியை விடவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜப்பானும் இதைத்தான் செய்தது. 1871-இல் இவாகுரா தலைமையில் அமைச்சர்களே கப்பலேறி அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் இரண்டு வருடம் சுற்றிப் பார்த்தார்கள். வந்து எல்லாவற்றையும் ஜப்பானிய மொழியில் எழுதிக்கொண்டார்கள். முன்னோர் தூரக் கணக்குப்படி ஜப்பான் பின்தங்கியிருக்க வேண்டிய நாடு. நம் நாடு 1982-இல் ‘கிழக்கை நோக்கு’ என்ற கொள்கையை எடுத்ததும் இதே யோசனைதான். லண்டனைப் பார்த்துக் கற்பதைவிட, முன்பே அந்தப் பாடத்தைப் படித்து முடித்த தோக்கியோவையும் சியோலையும் பார்த்துக் கற்பது சுலபம். அந்த இரண்டு அறிஞர்கள் சொன்ன தத்துவத்தை அவர்கள் சொல்வதற்கு முன்பே ஓர் அரசாங்கம் செய்து பார்த்திருக்கிறது.

“நமக்கு வியாபாரம் வராது” என்கிற பேச்சுக்கும் கேமரன் மலையிலேயே ஒரு பதில் நிற்கிறது. 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர் வெள்ளைக்காரர் அல்ல. ஷுபர்ஷாட் பன்சால் அகர்வால், வட இந்தியாவிலிருந்து வந்த வணிகர். இன்றைக்கும் அந்தக் குடும்பத்துத் தேயிலை கேமரன் வேலி என்ற பெயரில் கடைகளில் இருக்கிறது. அவருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றால், கடன் கொடுக்கும், கணக்குப் பார்க்கும், நஷ்டம் வந்தால் தாங்கிப் பிடிக்கும் வணிகச் சமூகம் ஒன்று அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. செட்டியார்களுக்கும் அப்படித்தான் இருந்தது. சீனர்களுக்கு ஊர்ச் சங்கமும் குலச் சங்கமும் இருந்தன. ‘ரத்தம்’ என்று மாமா சொல்வது உண்மையில் இதைத்தான். யாரை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்ற பழக்கம். அது பரம்பரையாக வருகிறது, ஆனால் ரத்தத்தில் வருவதில்லை, வீட்டில் வருகிறது. வீட்டில் வருவதைக் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு மக்களை மறந்துவிட்டுப் பேசினால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். கேமரன் மலை யாருடைய மலை? நாம் வருவதற்கும், கேமரன் அளப்பதற்கும், சீன விவசாயி முட்டைக்கோஸ் போடுவதற்கும் ஆயிரக்கணக்கான வருடம் முன்பிருந்தே செமாய் மக்கள் அங்கே வாழ்கிறார்கள். மூங்கில் எப்போது வெட்டுவது, எந்த ஓடை எப்போது பொங்கும் என்று அந்த மலையை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. ஆனால் ரோட்டோரம் தேனும் பெத்தாய்யும் விற்பது அவர்கள்தான். இதையும் ‘தூரம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடலாமா? என்னால் முடியாது. அவர்கள் காலடியில் இருந்த நிலம் அவர்கள் பேரில் எழுதப்படவில்லை. பத்திரம் எழுதும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. 2019 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில்தான் கேமரன் மலைத் தொகுதியிலிருந்து ரம்லி முகமட் நோர் என்ற செமாய்க்காரர் மக்களவைக்குப் போனார். நாட்டிலேயே தேர்தலில் வென்று அந்த அவைக்குப் போன முதல் பூர்வகுடி அவர். சுதந்திரம் கிடைத்து அறுபத்தொரு வருடம் கழித்து! தூரம் தடை என்பது சரி. ஆனால் சில இடங்களில் தடையை யாரோ கட்டி வைத்திருக்கிறார்கள், அதையும் தூரத்தின் கணக்கில் எழுதினால் கட்டியவர் தப்பித்துவிடுவார்.

தோட்டத் துரைமார்கள் அந்தக் காலத்தில் எழுதியதைப் படித்தால் இது புரியும். மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் பேராசைக்காரர், தமிழர் சாது, சொன்னதைச் செய்வார் என்று பிரித்து வைத்தார்கள். சையத் ஹுசேன் அலாதாஸ் 1977-இல் எழுதிய ‘சோம்பேறிச் சுதேசி என்ற கட்டுக்கதை’ என்னும் நூல் இதைத் தோலுரித்தது. தோட்டத்துக்குக் கூலியாக வராதவன் சோம்பேறி, வந்தவன் சாது. எல்லாம் முதலாளியின் தேவையிலிருந்து பிறந்த குணங்கள். வேதனை என்னவென்றால், துரை போய்விட்டார், அவர் எழுதிய குணச் சான்றிதழை மட்டும் நாம் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். இதைச் சொல்லாமல் மற்றவர்களை மட்டும் குற்றம் சொன்னால் அது நேர்மை இல்லை.

மரபணு அறிஞர் டேவிட் ரைக் இந்தியாவைப் பற்றிச் சொன்ன ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தியாவில் ஒரே கிராமத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழும் இரண்டு சாதிகளுக்கு இடையே உள்ள மரபணு வேறுபாடு, வட ஐரோப்பியருக்கும் தென் ஐரோப்பியருக்கும் உள்ளதைவிட இரண்டு மூன்று மடங்கு இருப்பது சாதாரணமாம். அவரும் இந்திய அறிஞர்களும் சேர்ந்து செய்த ஆய்வின்படி, ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நம் முன்னோர்கள் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கதவு மூடியது. உலகத்தில் மற்றவர்களுக்குக் கடலும் மலையும் பாலைவனமும் தூரத்தை உண்டாக்கின. நாம் ஒரு கிணற்றடியில், ஒரு தெரு முனையில் அதை உண்டாக்கினோம். கல்யாணத்தால் உண்டாக்கினோம்.

அதைக் கப்பலிலும் ஏற்றி வந்தோம். கங்காணி தன் ஊர், தன் சாதி ஆட்களைக் கூட்டி வந்தார். லயத்தில்கூட இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். ஒரு தோட்டத்தில் இரண்டு கோயில் இருந்தால் ஏன் இரண்டு என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள். அதே இரண்டு பொருளாதார அறிஞர்கள் இன்னோர் ஆய்வில், நெருங்கிய மக்களே அதிகம் சண்டை போடுகிறார்கள், ஒரே பொருளுக்கு ஆசைப்படுவதால், என்று கண்டார்கள். நம்ம கோயில் கமிட்டித் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

நம்பிக்கைதான் முதலீடு என்றால், நாம் நமக்குள்ளேயே அதைக் கூறுபோட்டுவிட்டோம். சீனர் ஊர்ச் சங்கம் வைத்தார், நாமும் சாதிச் சங்கம் வைத்தோம், என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். அவர் சங்கத்தில் கடன் கொடுத்தார். நாம் பெரும்பாலும் மாலை போட்டுக்கொண்டோம். (செட்டியார்கள் கோபிக்க வேண்டாம், அவர்கள் கதை வேறு.)

இதை மீறி ஒருமுறை செய்து காட்டியும் இருக்கிறோம். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். துண்டான தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையும் போனது, வீடும் போனது. அப்போது 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டும் கையிலிருந்து சிறு சிறு தவணையாகப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். எந்த ஊர், எந்தச் சாதி என்று பங்குப் பத்திரத்தில் எழுதவில்லை. அந்தத் தொழிலாளர்களின் ரத்தம் 1959-இல் ஒன்றாகவும் 1961-இல் வேறாகவுமா இருந்தது?

கடைசியாக மொழி. நம்மில் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்து, மலாய் மொழியில் தேர்ச்சி போதாமல், இடைநிலைப்பள்ளிக்கு முன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தவர்கள். கூட விளையாடிய மலாய்ப் பையன் முதலாம் படிவத்துக்குப் போய்விடுவான். அந்த ஒரு வருடம்தான் தூரத்தின் விலை. கணக்காக, நாள் கணக்காக, நம் வாழ்நாளிலிருந்து கட்டிய விலை. இதைக் காட்டித் தமிழ்ப்பள்ளியை மூடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வட்டுக்கோட்டையில் தமிழும் இருந்தது, ஆங்கிலமும் இருந்தது. நாவலருக்குத் தமிழ் குறையவில்லை, ஜப்பானியருக்கு ஜப்பான் மொழி குறையவில்லை. பிள்ளையைக் கட்டிப்போட்டது தமிழ் அல்ல. தமிழைத் தவிர வேறெதுவும் நன்றாகச் சொல்லித்தராத தோட்டப்பள்ளிதான் கட்டிப்போட்டது. ஆகவே சுங்கை பாலாஸிலும் ப்ளூ வேலியிலும் உள்ள தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு ஐந்தாம் ஆண்டிலேயே நல்ல மலாயும் நல்ல ஆங்கிலமும் யார் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் கேள்வி. சனிக்கிழமை தேவார வகுப்பு நடத்தும் இளைஞர்கள் அதே மண்டபத்தில் இன்னும் ஒரு மணி நேரம் மலாய் வகுப்பு நடத்த முடியாதா? தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறை மலையேறும்போது கொழுந்து எடுப்பவரின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். நம் பாட்டியாக இருப்பது இப்போது அபூர்வம். வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருப்பார். நேப்பாளத்துக்காரர் என்றால் அநேகமாக இந்துவாகவே இருப்பார். கங்காணி காலத்தில் நம் மக்கள் குடும்பத்தோடாவது வர முடிந்தது. இவருடைய வேலை பெர்மிட்டில் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர அனுமதி இல்லை. நம் தாத்தா இருந்த அதே மலை, அதே கூடை, கையில் இப்போது கத்தரி அல்லது இரண்டு பேர் பிடிக்கும் இயந்திரம். “அவனுங்க அப்படித்தான், எங்க விட்டாலும் பொழைச்சுக்குவானுங்க” என்று அவரைப் பற்றி நம் பையன்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நம் தாத்தாவைப் பற்றித் துரை சொன்னதும் ஏறக்குறைய இதுதான். பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலில் திருவிழா அன்னதானத்துக்கு அவர் வந்து ஓரமாக நின்றால், அவருக்கு எந்த வரிசையில் இலை போடுவோம்?